ஒரு சைஸ் பெரிதாக வேண்டாம்: ஏடிவி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஷோரூமில் நின்று ஏடிவி விற்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். கரடுமுரடான மண் தரையில் ஓட்டவென்று நீங்கள் விற்கும் இந்த நாலு சக்கர, ஹேண்டில்பார் வண்டிகள் கொஞ்ச நாள் கழித்து வந்து சேரும் இடம் என்னுடைய பட்டறை. ஆயில் மாற்ற, பெல்ட் மாற்ற வருபவை பாதி. மீதிப் பாதி கவிழ்ந்து வருபவை. வளைந்த ஹேண்டில்பார், முறிந்த பிரேக் லிவர், மட்கார்டில் மண் ஒட்டிய நீளக் கீறல். ஓட்டியது யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, சீட்டே சொல்லிவிடும். பெரியவர் ஓட்டிய வண்டியில் சீட் முழுக்கத் தேய்ந்திருக்கும். பெரிய வண்டியைச் சின்னப் பிள்ளை ஓட்டியிருந்தால் முன்பக்கம், டேங்கை ஒட்டிய ஒரு சாண் இடம் மட்டும் மழமழவென்று இருக்கும். ஹேண்டில்பார் எட்டாமல் முன்னால் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்த தடம் அது. அந்தத் தடத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

உடனடிக் காரணம் என் அக்கா மகள். அவளுக்கு 14 வயது, எடை 45 கிலோ. இரண்டு வருடமாகக் கெஞ்சியதில் அக்கா ஒருவழியாக இறங்கிவந்தாள். "நீ கூட வந்தாத்தான் வாங்குவேன்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் போன கடையின் பெயர் இங்கே தேவையில்லை, இன்னொரு கடைக்குப் போயிருந்தாலும் ஏறக்குறைய இதுவேதான் நடந்திருக்கும். விற்பனையாளர் நல்ல மனிதர். சிரித்த முகம். எங்களை நேராக 400 சிசி வண்டியிடம் கூட்டிப்போனார். எண்ணெய் எல்லாம் ஊற்றி நிறுத்தினால் 300 கிலோ வரும். "பாப்பா ஏறி உட்காரும்மா" என்றார். ஏறினாள். கண் பளபளத்தது. "வளர்ற பிள்ளைதானே சார், சின்ன வண்டி எடுத்தீங்கன்னா ரெண்டு வருஷத்துல பத்தாமப் போயிடும்" என்றார் என்னிடம்.

அக்கா தலையாட்டிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிள்ளைக்குத் துணி எடுக்கும்போது எல்லோரும் செய்வதுதானே. ஒரு சைஸ் பெரிதாக எடுத்து, கீழே மடித்துத் தைத்துவிட்டால் அடுத்த வருடத்துக்கும் ஆகும். சட்டை தொளதொளவென்று இருந்தால் யாரும் சாகப்போவதில்லை. 300 கிலோ இரும்பை எப்படி மடித்துத் தைப்பது?

நான் எதுவும் பேசாமல் அவளிடம் மூன்று வேலை கொடுத்தேன். முதலில் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நிற்கச் சொன்னேன். நின்றால் சீட்டுக்கும் உடம்புக்கும் நடுவே குறைந்தது நாலு விரல் இடைவெளி வேண்டும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது முழங்கால்தான் ஷாக் அப்சார்பர். இடைவெளி இல்லாவிட்டால் சீட் வந்து முட்டித் தூக்கி எறியும். அவளுக்கு ஒரு விரல்கூடத் தேறவில்லை. அடுத்து, உட்கார்ந்தபடி ஹேண்டில்பாரை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை திருப்பச் சொன்னேன். இடதுபக்கம் முழுக்கத் திருப்பியபோது வலது தோள் முன்னால் போய், உடம்பு சீட்டைவிட்டுச் சாய்ந்து, வேகம் கூட்டும் த்ராட்டில் லிவரை விட்டுக் கட்டைவிரல் நழுவியது. மூன்றாவது பிரேக். கைப்பிடியைச் சாதாரணமாகப் பிடித்தபடி விரலை நீட்டினால், நடுவிரலில் நுனியை ஒட்டிய கணு பிரேக் லிவரைத் தாண்டி நிற்க வேண்டும். அவளுக்கு விரல் நுனி மட்டும் லிவரைத் தொட்டது. தொட்டது, அவ்வளவுதான். அந்த விரலால் லிவரை வருட முடியும், இழுக்க முடியாது.

"பழகிட்டா சரியாயிடும் சார்" என்றார் அந்த நண்பர். விரல் பழக்கத்தால் நீளாது. இதை அவரிடம் சொன்னேன், சிரித்தார். இப்போது உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்களில் பலர் விற்பீர்கள், ஆனால் கரடுமுரடான இடத்தில் அதிகம் ஓட்டியிருக்க மாட்டீர்கள் என்பது என் அனுமானம். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். நாலு சக்கரம் இருக்கிறது, பைக்கைவிட நிலையாக நிற்கும் என்று வாங்க வருபவர் நினைக்கிறார். நிற்கும்போது சரிதான். வளைவில் கதை வேறு. பல ஏடிவிகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியிருக்கும், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைந்த தூரம். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் வண்டி திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். ஓட்டுபவர் உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்துக் கொண்டுபோனால்தான் வண்டி சொன்னபடி கேட்கும். மேடு ஏறும்போது முன்னால், இறங்கும்போது பின்னால், சரிவில் குறுக்கே போனால் மேட்டுப் பக்கம். ஏடிவியில் உட்கார்ந்து பயணம் செய்ய முடியாது, உடம்பும் சேர்ந்து ஓட்ட வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 45 கிலோ பெண் 120 கிலோ வண்டியில் ஏறினால், வண்டி எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவள்தான். சாய்ந்தால் வண்டிக்குத் தெரியும். அதே பெண் 300 கிலோ வண்டியில் ஏறினால் அவள் பங்கு நூற்றுக்குப் பதினைந்து. அவள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வண்டி கண்டுகொள்ளாது. கவிழ்ந்தால் அடியிலிருந்து தூக்கிவிட்டு வெளியே வரவும் அவளால் ஆகாது.

அந்த நீள சீட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது இப்படி முன்னும் பின்னும் நகர்வதற்காக நீளமாக வைத்தது. "தம்பியையும் பின்னாடி உட்கார வெச்சுக்கலாம்" என்று சொல்லி விற்கிறீர்களே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒருவர் ஓட்டும் வண்டியில் பின்னால் இன்னொருவர் உட்கார்ந்தால் ஓட்டுபவர் நகர இடமே இருக்காது.

வண்டியிலேயே வயதை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அமெரிக்கத் தரநிலையின்படி இளையோர் வண்டிகள் 6+, 10+, 12+ என்றும், அதற்குமேல் 14+ என்று ஓர் இடைப்பட்ட வகையாகவும் பிரிகின்றன. அந்த 14+ வண்டியை 14, 15 வயதில் ஓட்டினால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். மற்றதெல்லாம் 16 வயதுக்கு மேல். அந்த 400 சிசி வண்டியிலும் ஸ்டிக்கர் இருந்தது. 16க்குக் கீழ் உள்ளவர் ஓட்டக்கூடாது என்று படம் போட்டு, பளிச்சென்று. நண்பர் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் எங்களிடம் பேசினார். வேண்டுமென்றே மறைத்தார் என்று சொல்லமாட்டேன். தினமும் பார்ப்பது கண்ணில் படாது.

இது அந்த ஒருவரின் பழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2010இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிள்ளைக்கு வாங்க வந்த பெற்றோர் போல ஆட்களை 10 கடைகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 7 கடைக்காரர்கள் பெரியவர் வண்டியை விற்கத் தயாராக இருந்தார்கள். உங்கள் தரப்பில் நான் இருந்திருந்தால் அந்த மற்ற 3 பேரைத் தேடிப்போய்ப் பேசியிருப்பேன். அவர்கள் அதனால் கடையை மூடிவிடவில்லையே.

சிசியைச் சொல்லி விற்பதையும் குறைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1988இல் தயாரிப்பாளர்களும் அரசும் செய்துகொண்ட உடன்பாட்டில் (மூன்று சக்கர ஏடிவியின் விற்பனை நின்றதும் அப்போதுதான்) இன்ஜின் அளவை வைத்துத்தான் வயதைப் பிரித்தார்கள். 90 சிசியைத் தாண்டினால் 16 வயதுக்கு மேற்பட்டவருக்கு மட்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 15 வயதில் நெடுநெடுவென்று வளர்ந்த பையன் 90 சிசி வண்டியில் உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். அவன் நேராக அப்பாவின் வண்டியில் ஏறிவிடுவான். அதனால் 2007 தரநிலையில் இன்ஜின் அளவை விட்டுவிட்டு உச்ச வேகத்தைப் பிடித்தார்கள். 6+ வண்டி மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. 10+, 12+ வண்டிகளுக்கு 48. 14+ வண்டிக்குச் சுமார் 60. சட்டகம் பெரிதாக இருக்கலாம், வேகம் மட்டும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் யோசனை. போலரிஸ் ஃபீனிக்ஸ் 200 இந்த 14+ வகையில் வந்த வண்டி. பழைய கணக்குப்படி பார்த்தால் அது பெரியவர் வண்டி.

அப்புறம் 2009இல் ஒரு கூத்து நடந்தது. குழந்தைகளுக்கான பொருள்களில் ஈயம் இருக்கக்கூடாது என்று அமெரிக்காவில் புதுச் சட்டம். பொம்மைகளை நினைத்துப் போட்டது. ஏடிவியின் பேட்டரி முனையிலும் வால்விலும் ஈயம் கலந்திருக்கிறது, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான வண்டி என்றால் அதுவும் குழந்தைப் பொருள்தான், எனவே விற்கக்கூடாது என்று ஆகிவிட்டது. பேட்டரி முனையை எந்தப் பிள்ளை நக்கப்போகிறது? கடைக்காரர்கள் சின்ன வண்டிகளை எல்லாம் ஷோரூமிலிருந்து எடுத்துப் பின்னால் அடுக்கிவிட்டார்கள். சில மாதத்தில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே இறங்கிவந்து, ஏடிவி விஷயத்தில் அந்த விதியை இப்போதைக்கு அமல்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தது. சின்ன வண்டி கிடைக்காவிட்டால் பிள்ளைகள் பெரிய வண்டியில் ஏறுவார்கள், அந்த ஆபத்து ஈயத்தைவிடப் பெரிது என்பது அவர்கள் சொன்ன காரணம். 2011இல் சட்டத்தையே திருத்தி விலக்குக் கொடுத்தார்கள். ஈயத்தையே பொறுத்துக்கொள்ளலாம், பெரிய வண்டியைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்று ஓர் அரசே முடிவெடுத்த விஷயம் இது. நீங்கள் அந்தப் பெரிய வண்டியைத்தான் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட வைத்து அனுப்புகிறீர்கள்.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியாமல் இல்லை. 10+ வண்டி ஷோரூமில் நாலைந்து நிற்கும், பெரியவர் வண்டி இருபது நிற்கும், நடுவில் 14+ என்று தேடினால் ஒன்று இருந்தால் பெரிது. தயாரிப்பாளர்கள் அந்த வகையில் அக்கறை காட்டவில்லை. 13 வயதில் 170 சென்டிமீட்டர் வளர்ந்த பையன் வந்து நின்றால் அவனுக்குக் காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? சின்னதில் கால் இடிக்கும், பெரியதில் ஸ்டிக்கர் தடுக்கும். என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. வயதும் பொருந்த வேண்டும், உடம்பும் பொருந்த வேண்டும். இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டுக்கு விற்கக் கூடாது. "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்புங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 16 வயது வரை ஏடிவியே வேண்டாம் என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெற்றோர் வாங்காமல் திரும்பினால் அவரிடம் வாதாட என்னிடம் ஒன்றுமில்லை. எலும்பு முறிந்து வரும் பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் அவர்கள்.

உயரம் மட்டும் கணக்கில்லை, புத்தியும் உண்டு. அதை ஷோரூமில் எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். சைக்கிளை எப்படி ஓட்டுகிறான், சொன்ன பேச்சைக் கேட்கிறானா என்று வீட்டுக்காரர்களிடமே கேளுங்கள். அம்மாவின் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

கியர் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் கிடையாது. முதல் வண்டிக்கு ஆட்டோமேட்டிக் போதும், கவனம் முழுக்கத் தரையிலும் பிரேக்கிலும் இருக்கும். கிளட்ச் இல்லாமல் கால் கியர் மட்டும் உள்ள வண்டி பழகியவனுக்கு நல்லது, ஹோண்டாவின் டிஆர்எக்ஸ்90எக்ஸ் அப்படிப்பட்டது. 86 சிசி, நாலு கியர், இளையோர் வண்டி. முழுக் கிளட்ச் இப்போதைக்கு வேண்டாம்.

பேர் தெரியாத மலிவு வண்டிகளை வாங்கி விற்பவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். பெட்டியில் வரும், பாதி பூட்டாமல் வரும். பார்க்கிங் பிரேக் இருக்காது. பிள்ளை வண்டி என்று ஒட்டியிருக்கும், முடுக்கினால் வரம்பைத் தாண்டி ஓடும். இதே குறைகளைச் சொல்லி அந்த நுகர்பொருள் ஆணையம் எத்தனையோ முறை எச்சரித்துவிட்டது. அவற்றுக்கு லிவர் உடைந்தால் மாற்ற லிவர்கூட எனக்குக் கிடைப்பதில்லை. இதற்குமேல் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

நீங்கள் காட்டாமலே விடும் ஒரு விஷயம் இருக்கிறது, அதில்தான் எனக்கு உண்மையான வருத்தம். த்ராட்டில் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும். ஸ்க்ரூவை உள்ளே திருகினால் கட்டைவிரல் லிவர் பாதி தூரத்தில் நின்றுவிடும், வண்டி அதற்குமேல் முடுக்காது. பிள்ளை தேறத் தேற, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்கலாம். இளையோர் வண்டியில் வேகத்தைக் கட்டுப்படுத்த இப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும். 10+, 12+ வண்டிகள் மணிக்கு 24 கிலோமீட்டரில் கட்டப்பட்டுத்தான் வரும். சில புது மாடல்களில் இதையே கைபேசியில் செய்கிறார்கள், வண்டி தாண்டக்கூடாத எல்லைக் கோடுகூடப் போட்டுவைக்கலாம். ஆனால் வாங்கிப்போகும் பத்தில் எட்டுப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இது என் பட்டறைக் கணக்கு, வேறெங்கும் தேடாதீர்கள். தெரிந்த மீதி இரண்டு பேர் அதைக் கழற்றச் சொல்லித்தான் வருகிறார்கள். "கடையிலேயே கழட்டித் தரேன்னாங்க, நான்தான் அவசரமா வந்துட்டேன்" என்று ஒரு அப்பா சொன்னார். கூட நின்ற பையனுக்கு 11 வயது இருக்கும். நான் கழற்றவில்லை. அவர் வேறு பட்டறைக்குப் போயிருப்பார்.

கயிற்றோடு வரும் கில் சுவிட்சும் அப்படித்தான். ஒரு முனை வண்டியில், மறுமுனை ஓட்டுபவர் மணிக்கட்டில். விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நிற்கும். பாதி வண்டிகளில் அந்தக் கயிறு உறை பிரிக்காமலே டூல் பாக்ஸில் கிடக்கிறது.

ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ் எல்லாம் நீங்களே விற்கிறீர்கள், அதில் லாபமும் உண்டு, நான் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும், ஹெல்மெட்டையாவது வளர்ற பிள்ளைக்கென்று ஒரு சைஸ் பெரிதாகக் கொடுக்காதீர்கள். தார் ரோட்டில் ஓட்டக்கூடாது என்பதையும் சாவி கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். காற்றுக் குறைவாக வைத்த அந்த உப்பல் டயர் மண்ணுக்காகச் செய்தது, ரோட்டில் அது எங்கே பிடிக்கும் எங்கே விடும் என்று பெரியவருக்கே கணிக்க வராது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பதின்வயதுப் பிள்ளையோடு யார் வந்தாலும் முதலில் ஃபுட்ரெஸ்டில் ஏறி நிற்கச் சொல்லுங்கள். பிறகு ஹேண்டில்பார், பிறகு பிரேக் விரல். மூன்று நிமிடம் ஆகும். தவறினால் அந்த வண்டியைக் காட்டாதீர்கள். வாங்கினால் அந்த ஸ்க்ரூவை அப்பா அம்மா கையாலேயே ஒருமுறை திருப்ப வையுங்கள். கையில் ஸ்க்ரூடிரைவர் பிடித்தவருக்கு மறக்காது.

அக்கா மகளுக்கு அன்றைக்கு வண்டி வாங்கவில்லை. வீட்டுக்கு வரும்வழியில் என்னோடு பேசவே இல்லை. அடுத்த நாலு மாதம் தேடி, 14+ வண்டி ஒன்று பழையதாகக் கிடைத்தது. பிரித்துப் பார்த்து, பிரேக் கேபிள் மாற்றி, லிவரை அவள் விரலுக்கு ஏற்றபடி நெருக்கி வைத்து, ஸ்க்ரூவை முக்கால்வாசி உள்ளே திருகிக் கொடுத்தேன். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து, "மாமா, இது ஆமை" என்றாள். மாதம் ஒருமுறை கொண்டுவருகிறாள். பின்னாலேயே நடந்து பார்ப்பேன். மேட்டில் முன்னால் சாய்கிறாளா, வளைவுக்கு முன்பே பிரேக்கைத் தொடுகிறாளா என்று. தேறியிருந்தால் அரைச் சுற்று வெளியே எடுப்பேன். போன வாரம் இரண்டாவது அரைச் சுற்று. "இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டாள். ஐந்து என்றேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து முறைத்தாள்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன் ஒருவன்